தண்ணி எப்பிடி என்று கேட்டவர்

என் மாமனாரின் கிணற்றுத் தண்ணீரைக் குடித்தவர்கள் அவருக்கு ஒரேயொரு பதிலைத்தான் சொல்லலாம். "நல்ல தண்ணி." அதில் ஒரு சொல் கூடினாலும் பிழை, குறைந்தாலும் பிழை. நான் கல்யாணமாகித் தீவுப்பகுதியிலுள்ள சுருவிலுக்கு வந்த அன்று இதை எனக்கு ஒருவரும் சொல்லித் தரவில்லை.

பொம்பிளை மாப்பிள்ளையான எங்களைக் கதிரையில் இருத்திய கையோடு மாமா அடிவளவுப் பக்கமிருந்து வந்தார். பட்டுவேட்டியின் கரை நனைந்திருந்தது. கல்யாண நாளிலும் மனிதர் கிணற்றடிக்குப் போய் வந்திருக்கிறார். கையில் ஒரு எவர்சில்வர் பேணி.

"குடிச்சுப் பாரும் பிள்ளை. தண்ணி எப்பிடி?"

நான் கோப்பாய்க்காரி. செம்மண் கிணற்றுத் தண்ணீர் குடித்து வளர்ந்தவள். கேட்டால் உள்ளதைச் சொல்ல வேண்டும் என்றும் வளர்த்திருந்தார்கள். நாக்கில் மெல்லிய உப்புக் கரிப்பு. "கொஞ்சம் சவர் அடிக்குது மாமா" என்றேன்.

அவர் பேணியை வாங்கி மிச்சத் தண்ணீரைக் குடித்தார். "உங்கடை ஊர் நாக்குக்கு எங்கடை தண்ணி பிடிபட நாள் எடுக்கும்" என்றுவிட்டுப் போனார். அதன்பிறகு வெகுநாள் என்னோடு நேரே கதைக்கவில்லை. சாப்பாடு ஆயிற்றா என்று கேட்க வேண்டுமென்றால் நான் பக்கத்தில் நிற்கும்போதே மாமியிடம் கேட்பார். நானும் மாமியிடமே பதில் சொல்வேன். மாமி நடுவில் நின்று சிரிப்பை அடக்குவா.

ஒருநாள் குசினிக்குள் வைத்து மாமி சொல்லித் தந்தா. "அவர் கேட்டால் நல்ல தண்ணி எண்டு சொல்லும். அதுக்கு மேலை ஒண்டும் வேண்டாம். நான் கல்யாணம் கட்டின நாளிலை இருந்து அதைத்தான் சொல்லிக்கொண்டு வாறன்."

அடுத்த நாள் காலையில் அவர் பேணியோடு வந்தபோது நான் அப்படியே சொன்னேன். அவர் தலையை ஆட்டிவிட்டு, "முருங்கைக்காய் ஆய்ஞ்சு வைச்சிருக்கிறன், எடும்" என்றார். எங்களுக்குள் சமாதானம் ஆனது அப்படித்தான்.

அந்தக் கிணற்றை நம்பித்தான் அவருடைய தோட்டம் இருந்தது. பெரிய தோட்டமென்று சொல்ல மாட்டேன். வீட்டுக்குப் பின்னால் அடிவளவில் கத்தரிப் பாத்தி, மிளகாய்ப் பாத்தி, கீரை, பயற்றைப் பந்தல், புடலங்கொடி, குளிக்கிற தண்ணீர் ஓடுகிற இடத்தில் வாழை. புடலங்காய் நேராக வளர நுனியில் கல் கட்டுவார். பூசணி பூக்கிற காலத்தில் விடிந்ததும் என் மகளைக் கூட்டிக்கொண்டு போய் ஆண்பூவைக் கிள்ளிப் பெண்பூவில் தேய்ப்பார். மகளுக்கு அப்போது நாலைந்து வயது. பூச்சிகளுக்கு வேலை செய்யப் பஞ்சி பிடித்துவிட்டதால் அப்பப்பாதான் அந்த வேலையைச் செய்ய வேண்டியிருக்கிறது என்று எல்லோருக்கும் விளக்கம் சொல்லித் திரிவாள். நேரான காய்கள் அயலுக்கும், யாழ்ப்பாணத்தில் இருக்கிற அவருடைய மகள், என் மச்சாள் வீட்டுக்கும் போகும். வளைந்ததும் சொத்தை விழுந்ததும் எங்களுக்கு. மாமி முறைப்பட்டால், "வெட்டிச் சட்டிக்குள்ளை போட்டால் நேரென்ன கோணலென்ன" என்பார்.

தீவுப்பகுதியில் நல்ல தண்ணீர் ஆழத்தில் இல்லை. மாரியில் பெய்த மழை கடல் தண்ணீருக்கு மேலே ஒரு மெல்லிய படையாகக் கிடக்கிறது. மெல்ல மெல்ல அள்ளினால் கோடை முழுக்கத் தரும். ஆசைப்பட்டு இறைத்தால் அடியில் இருக்கிற சவர் மேலே வந்துவிடும். ஒருமுறை ஏறிவிட்டால் எத்தனை மாரிக்குப் பிறகு இறங்கும் என்று ஒருவராலும் சொல்ல முடியாது. சுற்றிவரப் பல கிணறுகள் அப்படிப் போயிருக்கின்றன. துணி தோய்க்கவும் உதவாது.

அதனால் அவர் மோட்டர் போட்டுவிட்டுக் குழாய் வாயடியில் பேணியோடு நிற்பார். கொஞ்ச நேரத்துக்கு ஒருதரம் பேணியில் பிடித்து, வாயில் வைத்துக் கொப்பளித்து, கண்ணை மூடிக்கொண்டு துப்புவார். ஏதோ ஒரு கட்டத்தில், "நிப்பாட்டு!" என்று கத்துவார். வீட்டில் யார் எந்த வேலையில் இருந்தாலும் ஓடிப்போய்ச் சுவிச்சைத் தட்ட வேண்டும். நான் அந்தத் தண்ணீரைக் குடித்துப் பார்த்திருக்கிறேன். எனக்கு ஒரு வித்தியாசமும் தெரிந்ததில்லை.

ஒரு ஆவணி மாதம் கத்தரி நிறையப் பூத்து நின்றது. அதுவரை அப்படிப் பூத்ததை நான் பார்த்ததில்லை. ஒருநாள் காலையில் தண்ணீரை வாயில் வைத்துத் துப்பியவர், இன்றோடு இறைப்பு இல்லை என்று சொல்லிவிட்டார். நாங்கள் நம்பவில்லை. மூன்றாம் நாள் செடிகள் தலை தொங்கின. மாமி ஒரு வாளி தண்ணீரோடு போனா. அவர் குறுக்கே நின்றார்.

"பூவோடை நிக்கிற செடியப்பா."

"செடி செத்தால் விதை கிடக்கு. மழைக்குப் பேந்து போடலாம்."

மாமி வாளியை அங்கேயே வைத்துவிட்டு வந்து குசினிக்குள் அழுதா. அவர் செடிகளைத் தானே பிடுங்கி ஆட்டுக்குப் போட்டார். அந்த வருடம் முழுக்க நாங்கள் வேலணைச் சந்தையில் கத்தரிக்காய் வாங்கிச் சமைத்தோம். நெஞ்சழுத்தக்காரன் என்று அன்றைக்கு நினைத்தேன். இன்றைக்கும் எனக்கு அந்த எண்ணம் முழுதாகப் போகவில்லை. ஆனால் கிணறு தப்பியது.

கனடாவிலிருந்து அவருடைய தம்பி மகன் வந்தபோது நடந்ததையும் சொல்ல வேண்டும். அந்த மகன் கையில் போத்தல் தண்ணீரோடு வந்திறங்கினார். மாமா பேணியை நீட்டினார். அவர், "சித்தப்பா... இல்லை, பெரியப்பா, வயித்துக்கு ஒத்துவராது" என்று முறையும் தடுமாறிச் சொன்னார். மாமா கோபிக்கவில்லை. போத்தலை வாங்கிக் கொஞ்சம் வாயில் விட்டுப் பார்த்தார். பிறகு பாவம் பார்க்கிற முகத்தோடு திருப்பிக் கொடுத்தார். "இதிலை ஒண்டுமே இல்லையடா தம்பி. எப்பிடிக் குடிக்கிறாய்?"

அந்த மகனும் போகும்போது வாசலில் நின்று, "நல்ல தண்ணி பெரியப்பா" என்று சொல்லிவிட்டுத்தான் போனார். அவர் பேணியைத் தொடவேயில்லை. யாரோ அவருக்கும் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்.

பிறகு கொரோனா வந்தது.

இரண்டு பேருக்கும் ஒரே கிழமையில் காய்ச்சல். இரண்டு பேரையும் ஒரே வாகனத்தில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அவர் திரும்பி வந்தார், மாமி வரவில்லை. என் கணவர் தூரத்தில் நின்று பெட்டியைப் பார்த்தார். அதுவும் மூடிய பெட்டி. வீட்டில் செத்தவீடு இல்லை, பறை இல்லை, ஒப்பாரி இல்லை, சாப்பாடு கொண்டுவர ஒரு சனமும் இல்லை. அழுவதற்கென்று ஒரு நேரம் எங்களுக்குக் கிடைக்கவில்லை. கிடைக்காமல் போனதும் அழுகையும் வரவில்லை. நான் குசினியைக் கழுவினேன். இவர் மோட்டர்சைக்கிளைக் கழுவினார். எல்லாம் ஏதோ பக்கத்து வீட்டில் நடப்பதுபோல் இருந்தது.

மாமா வாகனத்தால் இறங்கி நேரே கிணற்றடிக்குப் போனார். மோட்டரைப் போட்டார், பேணியில் பிடித்தார், வாயில் வைத்தார். வழமையைவிட வெகுநேரம் வைத்திருந்தார். துப்பிவிட்டு இன்னொரு வாய் எடுத்தார். பிறகு மகளைக் கூப்பிட்டார்.

"இஞ்சை வா குஞ்சு. குடிச்சுப் பார். தண்ணி எப்பிடி?"

"நல்ல தண்ணி அப்பப்பா" என்றாள் மகள். அது பால்குடி மறந்த நாளிலிருந்து அவளுக்குப் பாடம்.

அந்தக் காய்ச்சலோடு அவருடைய நாக்குப் போய்விட்டது. இனிப்பும் இல்லை, உப்பும் இல்லை, ஒன்றுமே இல்லை. எங்களுக்கு இது தெரியவந்தது ஒரு வருடம் கழித்து. உங்களுக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன். இதை மறைத்து வைக்க எனக்கு விருப்பமில்லை.

தெரிந்திருக்க வேண்டாமா என்று நீங்கள் கேட்கலாம். ஒருநாள் நான் குழம்புக்கு உப்புப் போட மறந்துவிட்டேன். மகள் தட்டைத் தள்ளிவிட்டாள். இவர் முகத்தைச் சுளித்தார். மாமா சோற்றைக் குழைத்து முழுவதையும் சாப்பிட்டுவிட்டுக் கையைக் கழுவினார். மாமி போன கவலை என்று நாங்கள் பேசிக்கொண்டோம். அந்த நாட்களில் எதற்கும் அந்தக் காரணம் பொருந்தியது. அவர் முன்போலக் கத்தாததற்கும் அதுதான் காரணம். தான் குடித்துப் பார்ப்பதை விட்டு எங்களிடம் பேணியை நீட்டத் தொடங்கியதற்கும் அதுதான் காரணம். மனிதர் இளகிவிட்டார் என்றே நான் நினைத்தேன். எல்லோருக்கும் தண்ணீர் கொடுத்துக் கேட்கிறார், மாமியின் இடத்துக்கு யாரையோ தேடுகிறார் என்று நினைத்தேன். அவருக்காகக் கவலையும் பட்டேன்.

அடுத்த வருடக் கோடை எல்லோருக்கும் நினைவிருக்கும். டீசல் இல்லை, காஸ் இல்லை, உரம் இல்லை. கறண்ட் வருவதும் போவதும் பகுதி பகுதியாக. மரக்கறி விலை நெருப்பு. வீட்டுத்தோட்டம் செய்யுங்கள் என்று எல்லோருக்கும் சொன்னார்கள். மாமா புதிதாகப் பாத்திகள் போட்டார். வெண்டி, பாகல், பயறு, இன்னும் கத்தரி. கறண்ட் இருக்கிற நேரமெல்லாம் மோட்டர் ஓடியது. "நிப்பாட்டு" என்ற சத்தம் அந்த வீட்டில் கேட்காமல் போயிற்று. கறண்ட் தானாகப் போகும்போதுதான் மோட்டர் நின்றது.

ஆனி கடைசியில் எனக்குச் சவர்க்காரம் நுரைக்கவில்லை. தலைமுழுகினால் மயிர் பிசுபிசுத்தது. நாங்கள் குடிக்கவும் சமைக்கவும் பவுசர் லொறியில் வருகிற தண்ணீரைத்தான் கோடையில் எடுப்போம். கிணற்றுத் தண்ணீரை வாயில் வைப்பது மாமா பேணியை நீட்டும்போது மட்டும்தான். வைத்தால் நாக்கில் கரித்தது. ஆடியில் கரிப்பு தெளிவாகவே இருந்தது.

நான் இவரிடம் கேட்டேன். "மாமாட்டைச் சொல்லட்டே?"

"ஐயாக்குத் தெரியாத தண்ணியோ? ஏதோ கணக்கோடைதான் இறைக்கிறார். இப்ப இருக்கிற நிலையிலை மனுசனைக் குழப்பாதையும்."

எனக்கும் அது சரியென்றே பட்டது. தண்ணீர் விஷயத்தில் அவருக்குப் புத்தி சொல்ல நான் யார்? பாத்திக் கரையில் வெள்ளை பூத்தது. இலைகளின் விளிம்பு கருகியது. அந்த வருடம் உரமில்லாமல் எல்லோருடைய தோட்டமும் மஞ்சளாகத்தான் நின்றது, அதனால் பார்த்தவர்களும் ஒன்றும் சொல்லவில்லை.

அவர் கேட்பது மட்டும் கூடியது. காலையில் என்னிடம், பின்னேரம் வேலையால் வருகிற மகனிடம், வேலிக்கு அங்காலே நிற்கிற அயல் அக்காவிடம். "வடிவாய்ப் பார்த்துச் சொல்லுங்கோ. அவசரம் இல்லை" என்பார். இப்படி அவர் முன்பு ஒருநாளும் கேட்டதில்லை. அயல் அக்கா குடித்தா, கண்ணை ஒருதரம் சிமிட்டினா. "உங்கடை கிணத்துக்கு என்ன அண்ணை, நல்ல தண்ணி" என்றா.

ஒரே ஒருநாள் மகள் வாயில் எடுத்ததைத் துப்பிவிட்டாள். "அப்பப்பா, உப்பு!"

மாமா குனிந்து அவள் முகத்தருகே வந்தார். "என்னம்மா சொன்னனீ?"

"அவள் பகிடி விடுறாள் ஐயா" என்று சொல்லி இவர் அவளைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தார். வந்து, அப்பப்பாவோடு அப்படிக் கதைக்கக் கூடாது என்று சொல்லிக் கொடுத்தார். மாமா பேணியோடு அங்கேயே நின்றதை நான் குசினி யன்னலால் கண்டேன். பிறகு மோட்டரைப் போட்டார்.

ஆவணியில் மாமியின் ஆட்டைத்திவசம் வந்தது. சாவுக்கு வராத சனம் எல்லாம் வருடம் முடிந்ததற்கு வருவதாகச் சொல்லி அனுப்பியிருந்தது. மாமா முதல்நாளே சொல்லிவிட்டார். "அவ குடிச்சு வாழ்ந்தது இந்தத் தண்ணி. நாளைக்கு உலையும் இந்தத் தண்ணியிலைதான் வைக்கோணும்." நாங்கள் மறுக்க நினைத்திருந்தாலும் முடிந்திராது. டீசல் இல்லாமல் பவுசர் அந்தக் கிழமை வரவேயில்லை.

அடிவளவில் மூன்று கல் வைத்து விறகு எரித்தோம். மரக்கறி எல்லாம் அவருடைய தோட்டத்தில் ஆய்ந்தது. தேறியது கொஞ்சம், அதில் நேரான காய் ஒன்றும் இல்லை. பாயாசத்துக்குப் பயறு அவிய வைத்தோம். ஒரு பெரிய விறகுக் கட்டு எரிந்து முடிந்தது. அகப்பையால் எடுத்து நசித்துப் பார்த்தால் கல்லாகக் கிடந்தது.

"பழைய பயறாக்கும்" என்றா மச்சாள்.

"அப்பிடித்தான் இருக்கும்" என்றேன். சவர்த் தண்ணீரில் பயறு அவியாது என்பது அந்த வளவில் நின்ற எல்லாப் பெண்களுக்கும் தெரியும். ஒருவரும் சொல்லவில்லை. சர்க்கரையைப் போட்டு இறக்கினோம்.

ஐயர் போன பிறகு பந்தி வைத்தோம். மாமா நடுவில் இருந்தார். சனம் சாப்பிட்டது. சோறு கரித்தது, குழம்பு கரித்தது, குடிக்க வைத்த தண்ணீர் கரித்தது. "சமையல் திறம் பிள்ளை" என்றார் ஒரு பெரியவர். மற்றவர்களும் தலையாட்டினார்கள். நான் பாயாசத்தை ஊற்றிக்கொண்டு போனேன். மாமா ஒரு வாய் எடுத்தார். கடைவாயில் கடுக்கென்று ஒரு சத்தம்.

அவர் வாயிலிருந்து ஒரு பயற்றை எடுத்தார். இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து நசித்தார். நசியவில்லை.

"பிள்ளை, பயறு அவியேல்லை."

"பழைய பயறு ஐயா" என்றா மச்சாள் கதவடியில் நின்று.

"இது ஆனியிலை நான் ஆய்ஞ்ச பயறு."

பந்தியில் கை எல்லாம் நின்றது. அவர் பயற்றை இலை ஓரத்தில் வைத்தார். குரலை உயர்த்தவில்லை.

"எத்தினை நாளாய்ச் சவர்?"

கடைசியில் இவர்தான் சொன்னார். "ஐயா, உங்களுக்குத் தெரியும் எண்டு நினைச்சம்."

"எனக்கு எப்பிடித் தெரியும்? எனக்கு நாக்கு இல்லை. காய்ச்சலோடை போனது. சீனிக்கும் உப்புக்கும் வித்தியாசம் தெரியாது எனக்கு." சுற்றிவர இருந்த முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். "அதாலைதானே ஒவ்வொரு நாளும் உங்களைக் கேட்டனான்."

என் கையில் பாயாசச் சட்டி இருந்தது. அதை வைக்க இடம் தெரியாமல் நின்றேன்.

"ஒருத்தி சொன்னவள்" என்றார். "அவளையும் வாயைப் பொத்திப்போட்டியள்."

பிறகு குனிந்து மிச்சத்தைச் சாப்பிட்டார். ஒவ்வொரு பயறாகக் கடிக்கிற சத்தம் பந்தி முழுக்கக் கேட்டது. அவர் எழும்பும்வரை ஒருவரும் எழும்பவில்லை. கையைக் கழுவிவிட்டு அடிவளவுக்குப் போய் மோட்டர் வயரைக் கழற்றிச் சுருட்டினார்.

அன்றைக்குப் பிறகு இறைப்பு இல்லை. கீரை முதலில் போயிற்று, பிறகு வெண்டி, பிறகு கத்தரி. அவர் அவற்றைப் பிடுங்கக்கூட இல்லை. நின்ற நிலையிலேயே காய்ந்தன. அவர் எங்களை ஏசவில்லை, சாப்பாட்டை மறுக்கவில்லை, கேட்டதற்குப் பதில் சொன்னார், மகளைப் பள்ளிக்கூட பஸ்ஸுக்குக் கூட்டிக்கொண்டு போனார். எங்களிடம் எதையும் கேட்பதை மட்டும் விட்டுவிட்டார். அவர் ஒருதரம் கத்தியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

ஐப்பசியில் மழை பிடித்தது. அந்த வருடம் நல்ல மழை. கார்த்திகையில் கிணறு கையெட்டுகிற தூரத்துக்கு நிறைந்தது. மார்கழியில் ஒருநாள் காலையில் நான் ஒரு வாளி அள்ளி, கையால் ஏந்திக் குடித்தேன். கரிப்பு இல்லை. இன்னொரு கை குடித்தேன். அந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அவ்வளவு நல்ல தண்ணீரை நான் அந்தக் கிணற்றில் குடித்ததில்லை. ஈரக் கையோடு ஓடினேன். அவர் விறாந்தைக் கதிரையில் இருந்தார்.

"மாமா, இப்ப குடிச்சுப் பார்த்தனான். நல்ல தண்ணி."

அவர் என் முகத்தை வெகுநேரம் பார்த்தார். நானும் பார்த்தேன். என் முகத்தில் அவர் எதைத் தேடினார் என்று எனக்குத் தெரியும். அதை எப்படி முகத்தில் காட்டுவதென்றுதான் தெரியவில்லை.

"ஓம் பிள்ளை" என்றார். "அப்பிடித்தான் சொல்லுவியள்."

இவரும் போய்ச் சொல்லிப் பார்த்தார். அயல் அக்காவும் வந்து சொல்லிப் பார்த்தா. மகளிடம் பேணியைக் கொடுத்து அனுப்பினேன். அவள் குடித்தாள், அப்பப்பாவைப் பார்த்தாள், பிறகு திரும்பி எங்களைப் பார்த்தாள், எதைச் சொல்ல வேண்டும் என்று கேட்பதுபோல. அவர் அவள் தலையைத் தடவிவிட்டு யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அவர் அந்த மாரிக்கு ஒரு விதையும் போடவில்லை. அடுத்த மாரிக்கு அவர் இல்லை. கிணறு தப்பிவிட்டது, தண்ணீர் நன்றாகிவிட்டது. அவர் நம்பும்படியாக அதைச் சொல்ல எங்கள் வீட்டில் ஒருவர்கூட மிச்சமிருக்கவில்லை.